‘2001’ பட விண்கல மாதிரிகள்: அசல் குப்பைக்குப் போனது, பிரதிக்கு ஏன் இவ்வளவு விலை?

1968 பிப்ரவரி 2. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் உள்ள ராக்கெட் ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. சரியாக இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, வாஷிங்டனில் ஒரு படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’.

தும்பாவில் அந்த நாட்களில் கையாண்ட பொருட்கள் பலவற்றை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஏவுதளத்தின் முதல் அலுவலகமாக இருந்த புனித மரிய மகதலேனாள் தேவாலயமே இப்போது விண்வெளி அருங்காட்சியகம். குப்ரிக் படத்துக்காகச் செய்யப்பட்ட விண்கல மாதிரிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெரும்பாலானவை அழிந்துவிட்டன.

அதனால்தான் அந்தப் படத்தின் பிரதிகளுக்கு இன்று இவ்வளவு கிராக்கி. 30 செ.மீ. உயர விண்வெளி வீரர் உருவம், 1 மீட்டர் நீள விண்கலம், சுவரில் மாட்டும் ‘ஹால்’ கணினிப் பலகை என ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய். இந்தியாவுக்கு வரவழைத்தால் அந்த விலை இரண்டு மடங்கையும் தாண்டலாம்.

இந்த விலை எங்கிருந்து வருகிறது? திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ உட்கார்ந்து ஆர்டர் போடுபவர் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தப் படத்தில் அப்படி என்ன?

கணினி வரைகலை இல்லாத காலத்தில் எடுக்கப்பட்ட படம் இது. திரையில் தெரியும் ஒவ்வொரு விண்கலமும் கையால் செய்த மாதிரி. 70 மி.மீ. ஃபிலிமில், பெரிய திரைக்காக எடுத்ததால், மாதிரியில் சின்னக் குறை இருந்தாலும் தெரிந்துவிடும். ஆகவே மாதிரிகளைப் பெரிதாகச் செய்தார்கள். வியாழனை நோக்கிச் செல்லும் ‘டிஸ்கவரி’ விண்கலத்துக்கு இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒன்று 15 அடி. மற்றொன்று 54 அடி, அதாவது சுமார் 16.5 மீட்டர். நம் ஊர் அரசுப் பேருந்தைவிட நீளம்.

விண்கலங்களை வடிவமைத்த குழுவில் ஹாரி லாங்கே, ஃபிரெட் ஆர்ட்வே ஆகியோர் இருந்தனர். இருவரும் முன்பு நாசாவில் வேலை பார்த்தவர்கள். ‘இப்படி ஒன்றை உண்மையில் கட்ட முடியுமா’ என்ற கேள்வியோடு வரையப்பட்ட விண்கலங்கள் என்பதால், 50 ஆண்டுகள் கடந்தும் அவை பழசாகத் தெரிவதில்லை. சிறப்புக் காட்சிகளுக்காக குப்ரிக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவர் வாழ்நாளில் வாங்கிய ஒரே ஆஸ்கர் அதுதான்.

திரைக்கதையை குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் நமக்கு அந்நியர் அல்ல. 1956-லேயே இலங்கைக்குக் குடிவந்து, 2008-ல் கொழும்பில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர். 1975-ல் இந்தியா செயற்கைக்கோள் மூலம் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘சைட்’ திட்டம் தொடங்கியபோது, அதைப் பார்ப்பதற்காக அவருடைய கொழும்பு வீட்டில் இஸ்ரோ ஒரு டிஷ் ஆன்டெனாவை நிறுவிக் கொடுத்தது. தகவல் தொடர்புக்குச் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தலாம் என்று 1945-லேயே எழுதியவருக்குச் செய்த மரியாதை அது.

அசல் மாதிரிகள் என்ன ஆயின?

படம் முடிந்த பிறகு இந்த மாதிரிகள் வேறு மலிவான படங்களில் தலைகாட்டுவதை குப்ரிக் விரும்பவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். எப்படியானாலும் விளைவு ஒன்றுதான். பெரும்பாலானவை உடைக்கப்பட்டன, அல்லது குப்பைக்குப் போயின. சக்கரம்போல் சுழலும் விண்வெளி நிலையத்தின் பெரிய மாதிரி இங்கிலாந்தில் ஒரு வெட்டவெளியில் கிடந்து சிதைந்தது.

இதன் விலையை முதலில் கொடுத்தது சினிமாக்காரர்களே. 1984-ல் இதன் தொடர்ச்சியாக ‘2010’ படத்தை பீட்டர் ஹயம்ஸ் எடுத்தார். கதைப்படி அதே டிஸ்கவரி மறுபடி வரவேண்டும். ஆனால் மாதிரி இல்லை. பழைய படத்தின் பிரேம்களைப் பெரிதாக்கி, அளந்து, விண்கலத்தைப் புதிதாகச் செய்தார்கள். இன்று சேகரிப்பாளர்களுக்காகப் பிரதி செய்பவர்கள் பார்க்கும் வேலையும் கிட்டத்தட்ட இதேதான்.

ஒன்றிரண்டு தப்பின. நிலவுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் உருண்டை வடிவ ‘ஏரீஸ் 1பி’ மாதிரி அவற்றில் ஒன்று. இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் சுமார் 40 ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்தது. 2015-ல் ஏலத்துக்கு வந்தபோது ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியே அதை 3,44,000 டாலருக்கு வாங்கியது. இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள அகாடமி அருங்காட்சியகத்தின் சொத்து அது.

ஏல விலைகள் என்ன சொல்கின்றன?

பழைய அறிவியல் புனைகதைப் படங்களின் அசல் பொருட்கள் போன சில விலைகள் (டாலரில்):

- ரோபி ரோபோ, ‘ஃபர்பிடன் பிளானட்’ (1956): 2017-ல் 53.75 லட்சம்
- எக்ஸ்-விங் விண்கல மாதிரி, ‘ஸ்டார் வார்ஸ்’ (1977): 2023-ல் 31.35 லட்சம்
- ஆர்2-டி2 ரோபோ, ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசை: 2017-ல் 27.6 லட்சம்
- விண்வெளி உடை, ‘2001’ (1968): 2020-ல் 3.7 லட்சம்
- ஏரீஸ் 1பி, ‘2001’: 2015-ல் 3.44 லட்சம்

இந்தப் பட்டியலில் இரண்டு விஷயம் கவனிக்கலாம். முதலாவது, ‘2001’ பொருட்களின் விலை மற்றவற்றைவிட மிகக் குறைவு. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ரசிகர்கள் இருக்கிறார்கள். சிறு வயதில் பொம்மையாக வைத்து விளையாடியதைப் பெரியவர்களானதும் தேடி வாங்குகிறார்கள். ‘2001’ வந்தபோது அப்படிப் பொம்மைகள் பெரிதாக வரவில்லை. அமெரிக்காவின் ஆரோரா நிறுவனம் வெளியிட்ட ஓரிரு பிளாஸ்டிக் கிட்களைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, விலையை ஏற்றுவது பொருளின் அழகு மட்டுமல்ல, அது கடந்துவந்த பாதையும்கூட. மேலே சொன்ன எக்ஸ்-விங் பல ஆண்டுகளாகக் காணாமல் போனதாகக் கருதப்பட்டது. கிரெக் ஜைன் என்ற மாதிரிக் கலைஞர் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பில் இருந்து வெளியே வந்தது. யார் செய்தார்கள், யாரிடம் இருந்தது, எந்தக் காட்சியில் வந்தது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் இந்த விலை. இல்லையென்றால் அது வெறும் பழைய பிளாஸ்டிக்.

1:6, 1:144 என்றால் என்ன?

அசல் அளவில் எத்தனையில் ஒரு பங்கு என்பதுதான் ஸ்கேல். 1.8 மீட்டர் உயர மனிதரை 1:6 அளவில் செய்தால் 30 செ.மீ. வரும். 1:12 என்றால் 15 செ.மீ. துணியில் தைத்த உடை, கழற்றி மாட்டும் தலைக்கவசம், நடிகரின் முகச்சாயல் எல்லாம் இருக்கும் விலை உயர்ந்த உருவங்கள் பெரும்பாலும் 1:6.

விண்கலத்துக்குக் கணக்கு வேறு. கதையில் டிஸ்கவரியின் நீளம் சுமார் 140 மீட்டர். 1:144 அளவில் செய்தால் ஏறத்தாழ 97 செ.மீ. அமெரிக்காவின் மோபியஸ் மாடல்ஸ் வெளியிட்ட டிஸ்கவரி கிட் இந்த அளவுதான். ‘ஒரு மீட்டர்தானே’ என்று தோன்றும். வீட்டு அலமாரியை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இன்னொரு சொல்லும் அடிக்கடி காதில் விழும்: ‘ஸ்டுடியோ ஸ்கேல்’. படப்பிடிப்பில் பயன்படுத்திய மாதிரி எந்த அளவோ அதே அளவு என்று பொருள். பெரிய டிஸ்கவரியை ஸ்டுடியோ ஸ்கேலில் செய்தால் 54 அடி வேண்டும். மாறாக, ஹால் கணினியின் சிவப்புக் கண் உள்ள பலகையை முழு அளவிலேயே செய்து சுவரில் மாட்டலாம். இந்தப் படத்தில் அதிகம் விற்கும் பிரதிகளில் ஹால் ஒன்றாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

வெறும் பிரதிக்கு ஏன் இத்தனை ஆயிரம்?

"இதை வாங்கி என்ன பண்ணப் போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சேகரிப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். விலைக்கான பதிலை நாம் சொல்லலாம். நான்கு காரணங்கள்.

முதலில், ஆராய்ச்சி. அசல் இல்லாததால் பழைய புகைப்படங்கள், வரைபடங்கள், பட பிரேம்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் அளவுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். குப்ரிக்கின் ஆவணங்கள் 2007 முதல் லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மாதிரிகளின் மேற்பரப்பில் தெரியும் நுணுக்கங்களில் பல, அந்தக் காலத்தில் கடையில் விற்ற பிளாஸ்டிக் கிட்களின் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. எந்தத் துண்டு எந்தக் கிட்டில் இருந்து வந்தது என்று வருடக்கணக்கில் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, உரிமம். பழைய எம்ஜிஎம் படங்களின் உரிமை கைமாறி இன்று வார்னர் பிரதர்ஸ் வசம் உள்ளது. அதிகாரபூர்வப் பிரதி செய்ய அவர்களுக்கு உரிமத்தொகை தர வேண்டும். உருவத்துக்கு நடிகரின் முகச்சாயல் வேண்டும் என்றால், அதற்கான அனுமதி தனி.

மூன்றாவது, எண்ணிக்கை. பிளாஸ்டிக் வார்ப்புக்கான எஃகு அச்சு செய்யும் செலவு பெரியது. அந்தச் செலவை லட்சம் பொம்மைகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு சில ரூபாய். சில நூறு அல்லது ஆயிரம் பிரதிகளுக்குப் பிரித்தால்? அங்கேதான் விலை ஏறுகிறது. எஃகு அச்சைத் தவிர்க்க ரெசினில் வார்த்தால், ஒவ்வொன்றையும் கையால் தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்குக் கூலி.

நான்காவது, தூரம். இந்தப் பொருட்கள் வெளிநாட்டில் தயாராகி, வெளிநாட்டு விலையில் விற்கின்றன. நமக்கு வரும்போது சரக்குக் கட்டணம், வரி எல்லாம் சேர்கிறது. இதைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு வரும்போது வரி எவ்வளவு?

சரி, கணக்குக்கு வருவோம்.

சுங்கத் துறை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீட்டு எண் வைத்திருக்கிறது. பொம்மைகளுக்கு 9503. அந்தத் தலைப்பிலேயே ‘சிறிதாக்கப்பட்ட ஸ்கேல் மாடல்கள்’ என்றும் இருக்கிறது. ஆக, "இது பொம்மை இல்லை சார், பெரியவங்களுக்கான மாடல்" என்று வாதாடினாலும் ஸ்கேல் கிட் அங்கேதான் போய் விழும்.

இந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமானது. வரி கணக்கிடுவது பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. அதன் பிறகு, வரியும் சேர்ந்த மொத்தத்தின் மீது ஜிஎஸ்டி.

ஒரு கற்பனைக் கணக்கு:

- பொருளின் விலை: 25,000 ரூபாய்
- சரக்கு, காப்பீடு: 5,000 ரூபாய்
- வரிக்கான மதிப்பு: 30,000 ரூபாய்
- 70% சுங்க வரி: 21,000 ரூபாய்
- இதுவரை: 51,000 ரூபாய்
- ஜிஎஸ்டி 5% என்றால் 2,550 ரூபாய். மொத்தம் 53,550 ரூபாய்
- மின்னணுப் பொம்மைக்கான 18% என்றால் 9,180 ரூபாய். மொத்தம் 60,180 ரூபாய்

25,000 ரூபாய் என்று திரையில் பார்த்த பொருள், வீட்டு வாசலுக்கு வரும்போது இரண்டு மடங்குக்கு மேல். விளக்கு எரியும், பேசும் மாடல் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் இதில் சேரவில்லை.

எல்லாப் பொருளும் இதே கணக்கில் வராது. பிளாஸ்டிக்கில் செய்த அலங்காரச் சிலைகளுக்கு 3926 என்ற வேறு தலைப்பு உண்டு, அதற்கு வரி குறைவு. அசையாத சிலை ஒன்று அங்கே போகலாம், கை கால் அசையும் உருவம் பொம்மைத் தலைப்பில் விழலாம். தனிநபர் பயன்பாட்டுக்காக அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொருட்களுக்கு 9804 என்று இன்னொரு தலைப்பும் இருக்கிறது. இந்த விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுபவை. ஆர்டர் போடும் தேதியில் உள்ள விகிதத்தைச் சுங்க வாரியத்தின் தளத்தில் பார்ப்பதே சரி. எந்தத் தலைப்பில் வகைப்படுத்தப் போகிறார்கள் என்பதைக் கூரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். வரியைக் குறைப்பதற்காகப் பில்லில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வது மட்டும் வேண்டாம். பிடிபட்டால் அபராதம், பறிமுதல். வழியில் உடைந்தாலும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் காப்பீடு கிடைக்கும்.

பொம்மை வரி ஏன் இவ்வளவு அதிகம்?

உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்க்கவும், தரமற்ற மலிவுப் பொம்மைகளைத் தடுக்கவும் என்பதே அரசின் விளக்கம். 2014-15-ஐ ஒப்பிடும்போது 2022-23-ல் பொம்மை இறக்குமதி 52% குறைந்தது, ஏற்றுமதி 239% உயர்ந்தது என்கிறது அரசு. அந்தக் கோணத்தில் திட்டம் பலன் தந்திருக்கிறது. ஆனால் இந்தியாவில் யாருமே தயாரிக்காத ஒரு பழைய படத்தின் மாடலும் அதே வலையில் சிக்குகிறது. சேகரிப்பாளர்களின் ஆதங்கம் இதுதான்.

கூடவே தரச் சான்று பற்றிய கேள்வியும் வரும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு பிஐஎஸ் முத்திரை கட்டாயம். இது 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருட்களுக்குப் பொருந்தும். பெரியவர்களின் சேகரிப்புக்கான மாடல்கள் அந்த வரையறையில் வராது. ஆகவே பெட்டியில் ‘குழந்தைகளுக்கானது அல்ல’ என்ற வாசகமும் வயது வரம்பும் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அது இல்லாமல் பார்சல் சுங்கத்தில் மாட்டினால் விளக்கிச் சொல்லவே பல நாட்கள் ஓடிவிடும்.

உறவினர் ‘கிஃப்ட்’ என்று அனுப்பினால்?

முன்பு 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருட்களுக்கு வரி இல்லை. அந்தச் சலுகையைப் பலர் தவறாகப் பயன்படுத்தியதால் 2019 டிசம்பர் 12 அன்று மத்திய அரசு அதை நிறுத்தியது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. மற்றபடி அஞ்சல், கூரியர் வழியாகப் பரிசு என்று வந்தாலும் முழு வரி கட்டியாக வேண்டும்.

திருவனந்தபுரத்தில் பலர் நினைப்பது வேறு வழி. வளைகுடாவில் இருந்து யாராவது வரும்போது பையில் வைத்துக் கொண்டுவருவது. அது சட்டப்படி சரியே. பயணி தன்னுடன் கொண்டுவரும் பொருட்களுக்கு வரியில்லா வரம்பு ஒன்று உண்டு. 2016-ல் வந்த பேகேஜ் விதிகள் அதை 50,000 ரூபாய் என்று வைத்தன. இதுவும் மாறக்கூடியது என்பதால், பயணத் தேதியில் உள்ள வரம்பைப் பார்க்கவும். இரண்டு எச்சரிக்கை: வரம்பு ஒரு பயணிக்கு உரியது, பையில் உள்ள மற்ற பொருட்களும் அதில் சேரும். பில் இல்லாவிட்டால் மதிப்பை அதிகாரியே முடிவு செய்வார்.

போலியை எப்படி அடையாளம் காண்பது?

உரிமம் பெற்ற பிரதியை வாங்கி, அதிலிருந்து சிலிக்கான் அச்சு எடுத்து, மலிவு ரெசினில் ஊற்றி விற்பதைச் சேகரிப்பாளர்கள் ‘ரீகாஸ்ட்’ என்கிறார்கள். வார்ப்பில் இருந்து வார்ப்பு எடுப்பதால் கூர்மையான ஓரங்கள் மழுங்கும். ரெசின் இறுகும்போது சுருங்குவதால் அளவும் லேசாகக் குறையும். காற்றுக்குமிழி ஓட்டைகள் தெரியும்.

விலை பாதியாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். பெட்டியில் உரிமம் தந்த நிறுவனத்தின் பெயர், ஆண்டு, லிமிடெட் எடிஷன் என்றால் வரிசை எண் ஆகியவை இருக்க வேண்டும். கடைக்காரர் போட்டிருப்பது தயாரிப்பாளரின் விளம்பரப் படம் மட்டுமா, கையில் உள்ள பொருளின் படமா என்று கேளுங்கள். அன்றைய தேதி எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். முன்பதிவுக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், வெளியீடு தள்ளிப்போனால் பணம் திரும்ப வருமா என்பதையும் படித்துவிடுங்கள். இந்தச் சந்தையில் மாதக்கணக்கில் தள்ளிப்போவது சகஜம்.

கடலோர ஊரில் இவை தாங்குமா?

வரிக்கு அடுத்த பெரிய எதிரி ஈரப்பதம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கும் ஊர் திருவனந்தபுரம். குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் 20 ஆண்டு தாங்கும் பொருள் இங்கே அத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

1:6 உருவங்களின் காலணி, பெல்ட், உடைகளில் பாலியூரிதேன் பூச்சுள்ள செயற்கைத் தோல் இருந்தால் கவனம். காற்றில் உள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை உடைக்கும். சில ஆண்டுகளில் உரிந்து, பொடிப்பொடியாகக் கொட்டும். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாலும் இது நடக்கும். பிவிசி உருவங்களில் வேறு சிக்கல். அதை மிருதுவாக்கச் சேர்த்த ரசாயனம் மெல்ல வெளியே கசிந்து பிசுபிசுப்பாகும். காற்று புகாத பெட்டியில் அடைத்தால் இது அதிகமாகும். வெள்ளை பிளாஸ்டிக் மீது வெயில் பட்டால் மஞ்சளாகும். ‘2001’ விண்கலங்கள் பெரும்பாலும் வெள்ளை என்பதை நினைவில் கொள்ளவும்.

செய்யக்கூடியவை எளிமையானவை. ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம். 300 ரூபாயில் இருந்து கிடைக்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்றை அலமாரியில் வையுங்கள். 50 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அடிக்கடி மாற்றவும். ஹால் போன்ற விளக்குள்ள மாடல்களில் பேட்டரியைக் கழற்றி வைக்கவும். கசிந்தால் சர்க்யூட் போய்விடும்.

இது முதலீடா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போவது படப்பிடிப்பில் பயன்பட்ட அசல். கடையில் வாங்குவது பிரதி. அச்சு நிறுவனத்திடம் இருக்கும்வரை அதை மறுபடி தயாரிக்க முடியும். ஆரோரா 1960-களின் இறுதியில் வெளியிட்ட நிலவுப் பேருந்து, ஓரியன் விண்கல கிட்கள் பல காலம் அரிதாக இருந்தன. பின்னர் மோபியஸ் அதே கலங்களைப் புதிதாக வெளியிட்டது. மாடல் மட்டும் போதும் என்பவர் இனி பழைய பெட்டிக்குப் பெரிய விலை தர வேண்டியதில்லை.

காப்புரிமை முடிந்தால் விலை குறையுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டு. அப்படிப் பார்த்தால் 1968 படத்துக்கு 2028 இறுதிவரை. ஆனால் விண்கல வடிவமைப்பு ஓவியங்கள், வணிகச் சின்னம் ஆகியவற்றுக்கான உரிமை தனி. அமெரிக்காவில் பாதுகாப்பு இன்னும் நீளம். 2029-ல் எல்லாம் இலவசம் என்று நினைத்துத் தொழில் தொடங்கிவிட வேண்டாம்.

பணம் இல்லையென்றால்?

வழி இருக்கிறது. தொழில்முறை விற்பனைக்கு அல்லாமல் சொந்தமாகச் செய்து பார்ப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு அது எளிதாகியிருக்கிறது. கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஃபேப் லேப் போன்ற இடங்களில் இயந்திரங்களைக் கையாளப் பழகலாம். ராக்கெட் மாடல்தான் ஆசை என்றால் வெளிநாட்டுக்கே போக வேண்டாம். இஸ்ரோவில் பதிவு செய்துகொண்ட இந்திய நிறுவனங்கள் பிஎஸ்எல்வி போன்றவற்றின் ஸ்கேல் மாடல்களை விற்கின்றன. சுங்க வரி இல்லை.

அதற்கும் முன்னால் ஒருமுறை தும்பாவுக்குப் போய்வரலாம். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய இடம். இந்தியாவிலேயே செய்து 1967-ல் ஏவிய ஆர்ஹெச்-75 ராக்கெட்டின் விட்டம் 75 மில்லிமீட்டர்தான். ஒரு கைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும் பருமன். எவ்வளவு சின்னதில் இருந்து தொடங்கினார்கள் என்பதை அளவு குறைக்காத பொருளின் முன்னால் நின்று பார்க்கும்போதுதான் புரியும்.

வாங்கும் முன் ஒரு சரிபார்ப்பு

- அளவு என்ன? வைக்க இடம் இருக்கிறதா?
- உரிமம் பெற்றதா? பெட்டியில் ஆதாரம் உண்டா?
- சரக்கு, சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
- உடைந்து வந்தால் யார் பொறுப்பு? திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?
- செயற்கைத் தோல், பேட்டரி, மெல்லிய ரெசின் பாகங்கள் உண்டா?

வந்து சேர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பில், சுங்க ரசீது, பெட்டி, வந்த அன்றே எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். நாளை விற்க நேர்ந்தாலோ, காப்பீடு கேட்க நேர்ந்தாலோ, பொருளுக்குச் சாட்சி அந்த உறைதான். இங்கிலாந்தில் அந்த ஆசிரியர் 40 ஆண்டு முன்பு தன் கைக்கு வந்த பொருளைத் தூக்கிப் போட்டிருந்தால், ஏரீஸ் 1பி-யையும் இன்று நாம் படத்தில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.